நிரம்பாத குழி

என் மகனுக்கு,

நீ அனுப்பிய வீட்டுப் படம் போன கிழமை கைக்குக் கிடைத்தது. மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு சாமானை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முழுக் காலையும் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான் நான். ஆனால் புகையிலைத் தறை பிரித்து வாய்க்கால் கட்டியவளுக்குக் கோடும் அளவும் புதிதல்ல. கீழே மூன்று அறை, மேலே மூன்று அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை. அறைகளுக்குள் என் பேரப்பிள்ளைகளின் பெயரை எழுதியிருந்தாய். பெரியவளுக்குக் கிழக்குப் பார்த்த அறை. அவள் அந்தக் குளிர் ஊரில் வகுப்பில் முதலாவதாக வந்ததை இந்த ஊரில் நான் சொல்லாத ஆள் இல்லை. அவள் வந்து படுக்கப்போகிற அறை என்று விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு விரல் படத்தின் கிழக்கு எல்லைக்குப் போனது. அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டு, "பழைய குழி, இதுவே போதும்" என்று எழுதியிருந்தாய். தொலைபேசியிலும் சொன்னாய்: "அம்மா, முப்பத்தஞ்சு வருசமா நிரம்பாத குழி. உப்பிடி ஒண்டு ஆருக்குக் கிடைக்கும்? எல்லாத்தையும் அதுக்கையே விடச் சொல்லுங்கோ."

அந்த வட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை நான் ஒட்டாமல் அனுப்புகிறேன். எங்கள் வாசிகசாலை ஆண்டு மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். ஏன் என்பது வாசித்து முடிக்கும்போது உனக்கு விளங்கும். சொல்லவேண்டிய ஒருவருக்கு நேரில் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்திருக்கிறேன்.

நீ இருக்கிற நோர்வே ஊரில் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருப்பதைப் படத்தில் காட்டினாய். அங்கே வீடு கட்ட முன்னர் மண் எவ்வளவு ஆழம், கல் எந்தப் பக்கம் சரிகிறது, மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டுக்கு இறங்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள் என்று சொன்னாய். "எங்கடை ஊர் தட்டை. அந்தக் கரைச்சல் இல்லை" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். தம்பி, இங்கேயும் சரிவு இருக்கிறது. மண் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எங்கள் உரும்பிராய்ச் செம்மண் ஓரிடத்தில் ஆள் உயரம் இருக்கும், பத்து எட்டு வைத்துத் தள்ளிப் போனால் முழங்கால் அளவுதான் இருக்கும். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லின் முதுகு மேடும் பள்ளமுமாக, வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கிறது. மரவள்ளிக் கிழங்கு கோணிக்கொண்டு வளர்ந்திருந்தால் கீழே கல் கிட்ட என்று எங்களுக்குத் தெரியும். வாழை தானாகக் குட்டி போட்டுத் தழைத்தால் அங்கே மண் ஆழம். மழை விட்ட கையோடு வளவைச் சுற்றி நடந்தால் எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, எந்த இடத்தில் மாயமாக மறைகிறது என்று பார்க்கலாம். மறைகிற இடத்தைத்தான் நாங்கள் நல்ல இடம் என்று நினைத்தோம். அங்கேதான் பிழை விட்டோம். விட்டோம் என்று சொல்வதும் சரியில்லை. பிழை விட்டவள் நான்.

உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் வளவும் என் அக்காவான உன் பெரியம்மாவின் வளவும் முன்னர் ஒன்று. என் அப்பாவின் காணி. அக்காவுக்குக் கலியாணம் பேசியபோது கிழக்குப் பாதியையும், எனக்குப் பேசியபோது மேற்குப் பாதியையும் சீதனமாக எழுதினார். கிணறு கிழக்குப் பாதியில், எல்லைக்குக் கிட்ட இருந்தது. அதனால் என் உறுதியில் கிணற்றில் அரைப்பங்கும், அதற்குப் போய்வர வழியும் என்று எழுதுவித்தார். நாலு வருடம் நானும் அக்காவும் அந்த ஒரே துலாவில் மாறி மாறித் தண்ணீர் அள்ளினோம். ஒருத்தி மிதிக்க ஒருத்தி குளிப்போம். ஊர்ப் புதினம் எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் எங்களுக்கு வந்து சேரும்.

நீ பிறந்தபோது முப்பத்தொரு நாள் துடக்கு. பிள்ளை பெற்றவள் பங்குக் கிணற்றில் கைவைக்கக் கூடாது. அக்காதான் எனக்கு அள்ளிக்கொண்டு வந்து தருவாள். பதினெட்டு நாள் ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் அத்தான், உன் பெரியப்பா, விரதம். அவருக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்ததில் அக்கா பிந்திவிட்டாள். நீ கத்திக்கொண்டு கிடந்தாய், உன் துணிகள் குவிந்து கிடந்தன. நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"எடியே! துடக்கோடை கிணத்தடிக்கு வந்திட்டியே!" அக்கா கோடிப் பக்கம் இருந்து ஓடி வந்தாள். "விரதக்காரன் முழுகப்போற தண்ணி. உனக்கென்ன விசரே?"

"பிள்ளை கத்துறான். உங்களைக் காணேல்லை."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே? வாய் இருக்குத்தானே, சந்தை வரைக்கும் கேக்கிற வாய்."

கிணற்றடியில் நின்ற அயல் பெண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா சொன்னது எனக்குப் பெரிதில்லை. அந்தச் சிரிப்புத்தான் சுட்டது. கயிற்றை விட்டேன். "உங்கடை கிணத்தை நீங்களே வைச்சுக் கும்பிடுங்கோ. என்ரை அரைப்பங்கும் உங்களுக்கே. செத்தாலும் உதுக்கை வாளி விடன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா என் பின்னாலேயே கிணற்றைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்த சத்தமும் கேட்டது. அதன் பிறகு ஒன்பது வருடம் நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. என் பிடிவாதத்துக்காக உன் அப்பா மேற்கு எல்லையில் கல்லை வெடிவைத்து உடைத்து வேறு கிணறு வெட்டினார். அதன் தண்ணீர் கொஞ்சம் சவர். அதையும் நான் நல்ல தண்ணீர் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

உனக்கு ஏழு வயதானபோது கக்கூஸ் கட்ட முடிவெடுத்தோம். அதுவரை பனங்காணிதான். எந்த இடத்தில் குழி வெட்டுவது என்று தீர்மானித்தவள் நான். உன் அப்பா இல்லை. இதை யாரும் அவர் தலையில் போடக்கூடாது. குடிக்கிற கிணற்றிலிருந்து குழி எட்ட இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கிணற்றடியில் நின்று கிழக்கே எட்டு வைத்து எண்ணிக்கொண்டு போனேன். வேலி தடுத்தது. அந்த இடத்தில் காலால் கோடு கீறினேன். என் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று எண்ணினேன். அக்காவின் கிணற்றிலிருந்து எவ்வளவு கிட்ட என்று எண்ணவில்லை. வேலிக்கு அங்கால் பத்தே எட்டில் அது இருந்தது.

குழி வெட்ட வந்தவர் பொன்னையா அண்ணை. கிணறு வெட்டியே கிழவரானவர். ஆள் உயரத்துக்கு இறங்கியதும் அலவாங்கு கல்லில் மோதி "டொங்" என்றது, கீழே பானை கிடக்கிறமாதிரிச் சத்தம். இன்னொரு குத்துக் குத்த, அலவாங்கு கையை விட்டு நழுவிப் பாதி வரைக்கும் ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. பத்து வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தேங்கவே இல்லை.

உன் அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். "பாத்தியளே பொன்னையா அண்ணை, என்ன குடி குடிக்குது! தவறணைக்காரரே தோத்துப்போவினம்."

பொன்னையா அண்ணை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "தங்கச்சி, அது குடிக்கிற தண்ணி எங்கையாவது ஓரிடத்திலை போய்த்தானே நிக்கும்? கல்லு அங்காலை சரியுது. அங்காலை கொக்காவின்ரை கிணறு. உதைத் தூர்த்துப்போட்டு, உங்காலை மண் ஆழமாக் கிடக்கிற பக்கம் வேறை ஒண்டு வெட்டித் தாறன்."

"அது என்ரை கிணத்துக்குக் கிட்ட வரும்."

"கிட்ட எண்டாலும் மண் வடிச்சுவிடும். கல்லு வடிக்காது தங்கச்சி, வழிதான் விடும்."

"நான் என்ரை காணிக்கைதானே வெட்டுறன்? அங்காலை இருக்கிறவை தங்கடை கிணத்தைத் தாங்கள் பாக்கட்டும்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி. உன்ரை காணி" என்றார். பிறகு குழியை வெட்டி முடித்துத் தந்தார்.

அறியாமல் செய்தேன் என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அறிந்த ஒருவர் எனக்கு வடிவாகச் சொன்னார். நான் நஞ்சு கலக்க நினைக்கவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் அங்கால்தான் போகும் என்று அவர் சொன்னபோது என் மனதில் ஓரிடம் குளிர்ந்தது. துடக்குக்காரி தொடக்கூடாத கிணறு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அது போதுமாக இருந்தது.

வதனியை உனக்கு நினைவிருக்கும். பெரியம்மாவின் ஒரே பிள்ளை, உனக்கு மூன்று வயது மூப்பு. நாங்கள் கதைக்காமல் இருந்த காலத்திலும் நீங்கள் இரண்டு பேரும் வேலியில் ஒரு பொட்டு வைத்திருந்தீர்கள். அதற்குள்ளால் நீ நுழைவதைக் கண்டும் காணாததுபோல் இருப்பேன். அக்காவும் அப்படித்தான் இருந்திருப்பாள். அவர்களின் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. விளையாடிக் களைத்தால் நீ அங்கேதான் வாளியோடு வாய் வைத்துக் குடிப்பாய். வதனி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "சின்னம்மா, உங்கடை மகன் எங்கடை கிணத்தைக் குடிச்சே வத்தப்பண்ணப்போறான். பிறகு நாங்கள் சவர்த்தண்ணிக்குத்தான் உங்களிட்டை வரவேணும்" என்று கத்துவாள். எனக்குச் சிரிப்பு வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது திரும்பி நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

கோடையில் வெட்டிய குழி. இரண்டாவது மாரியில் மழை விடாமல் பெய்தது. கிணறுகள் எல்லாம் கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பின. கார்த்திகை பிறந்ததும் முதலில் உனக்குக் காய்ச்சல், அடுத்த நாள் வதனிக்கு. நெருப்புக்காய்ச்சல், ஊத்தைத் தண்ணீரால் வருகிற ரைபோயிட் என்றார்கள். சண்டைக் காலம், மருந்துக்குத் தட்டுப்பாடு. உன் உடம்பு அடுப்புமாதிரிக் கொதித்தது. ஐந்தாம் நாள் நீ என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தாய். நான் எழும்பிப் போய் வேலியடியில் நின்று கத்தினேன்.

"கோடையிலை ஒருக்காலாவது கிணத்தை இறைச்சுக் கலக்கினியளே? ஊத்தைத் தண்ணியைக் குடிக்கக் குடுத்து என்ரை பிள்ளையையும் பாயிலை போட்டிட்டியள்! கேக்கட்டும், ஊர் முழுக்கக் கேக்கட்டும்!"

ஊர் கேட்டது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அக்கா வதனிக்கு நெற்றியில் போடுகிற ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். கோடையில் ஒரு முறை கிணற்றை முழுக்க இறைத்து, அடிச்சேற்றை அள்ளுவது எங்கள் பழக்கம். அந்த வருடம் அத்தான் சைக்கிளால் விழுந்து கால் முறிந்து கிடந்ததால் அவர்கள் இறைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் குத்தினால் நோகும் என்று தெரிந்துதான் குத்தினேன்.

வதனி பதினாறாம் நாள் போய்விட்டாள். நீ அப்போதும் பாயில்தான் கிடந்தாய். அவள் எங்கே என்று கேட்டாய், மாமா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். செத்தவீட்டுக்கு நான் போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்காவின் படலையைத் திறந்தது அன்றைக்குத்தான். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ சொன்னது சரியடி. நான் கிணறு இறைக்கேல்லை. நான்தான் என்ரை பிள்ளையைக் கொண்டனான்" என்று அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இல்லை என்று சொல்லவில்லை.

அப்போது எனக்குத் தெரியாது என்றுதான் இன்னும் நினைக்க விரும்புகிறேன். ஆனால் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை தெரிந்துவிட்டது. நீ எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தாய். கிருமி ஏதும் கிடக்கும் என்ற பயத்தில் இரண்டு போத்தல் பினைலைக் கக்கூசுக்குள் ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தேன். மூன்றாம் நாள் காலை அக்கா கிணற்றடியில் நின்று கூப்பிட்டாள். "எடி, ஒருக்கா இஞ்சை வந்து மணந்து பார். தண்ணியிலை பினைல் மணக்குதெல்லே?" வேலிப் பொட்டுக்குள்ளால் வாளியை நீட்டினாள். குனிந்து மணந்தேன். மணந்தது, மோனை. மூக்கில் அறைந்ததுபோல மணந்தது.

"எனக்கொண்டும் மணக்கேல்லை அக்கா" என்றேன்.

அவள் தானும் மறுபடி மணந்து பார்த்தாள். பிறகு தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, "எனக்குத்தான் மூளை பிசகிப்போச்சுப் போலை" என்றாள்.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "இஞ்சாரும், உந்தக் கதையை இதோடை விடும். செத்த பிள்ளை வரப்போகுதே?" என்றார். ஆனால் அடுத்த கிழமை சல்லியும் சீமெந்தும் ஏற்றிவந்து, குழிக்குள் இறங்கி, தன் கையாலேயே அந்த வெடிப்பை அடைத்தார். நாங்கள் இரண்டு பேரும் குழி நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்பவே இல்லை. கல்லில் ஒரு வெடிப்பை அடைத்தால் தண்ணீர் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. வருகிறவர்கள், "உங்கடை குழி நல்ல ராசியான குழி, ஒருக்காலும் அள்ளத் தேவையில்லை" என்று புகழ்வார்கள். நீயும் உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய். நான் தலையை ஆட்டுவேன்.

வேறு குழி ஏன் வெட்டவில்லை என்று நீ கேட்பாய். புதுக் குழி வெட்டினால், பழையதற்கு என்ன என்று ஊர் கேட்கும். அது ஒன்றுதான் காரணம். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வளவுக்கு வேலி இல்லை. எல்லாவற்றையும் புதிதாகத்தான் செய்தோம். அப்போது வேறிடத்தில் வெட்டியிருந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். அப்போதும் வெட்டவில்லை. அதற்குள் எனக்கு ஒளித்துவைப்பது பழகிவிட்டது. உன் அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, "கொக்காட்டைச் சொல்லும்" என்றார். ஓம் என்றேன். அவர் போய் ஆறு வருடம்.

பெரியம்மாவை உனக்கு எப்படித் தெரியும்? சுடுதண்ணி அன்ரி என்று பெடியள் பட்டம் வைத்திருந்தார்கள், நீயும் சொல்லியிருக்கிறாய். குடிக்கிறதை மட்டுமல்ல, வாய் கொப்பளிக்கிறதைக்கூட அவள் கொதிக்கவைப்பாள். வருடத்தில் மூன்று தடவை கிணறு இறைப்பாள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் தண்ணீர் குடித்தாலும், "கொதிக்க வைச்சதே?" என்று ஓடிவந்து கேட்பாள். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அடுப்பில் பானை வைத்தாள். அதைத் தெரிந்துகொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். எங்களுக்குள் பிறகு ஒரு சண்டையும் இல்லை. எனக்கு வருத்தம் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவள் அவள். அத்தான் போன பிறகு தனியே இருக்கிற அவளுக்கு நான், உன் அப்பா போன பிறகு தனியே இருக்கிற எனக்கு அவள் என்றுதான் இருந்தோம்.

இந்த நிலையில்தான் உன் வட்டம் வந்தது. ஆறு குளியலறைத் தண்ணீரும் அந்தக் குழிக்கு. நீ சொன்ன இஞ்சினியர் போன கிழமை வந்தாள். சின்னப் பெட்டை, உன் மூத்தவளிலும் கொஞ்சம்தான் பெரியவள். வந்து கதிரையில் இருக்கவும் இல்லை. "அம்மா, சுத்திவர ஆர் ஆரின்ரை கிணறு எங்கையெங்கை இருக்குது? முதலிலை அதைக் காட்டுங்கோ" என்றாள். அந்தக் கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால். பின் வளவுக்காரரின் கிணறு, அக்காவின் கிணறு, என்னுடையது, மூன்றையும் நாடாவால் அளந்து எழுதினாள். பிறகு மூன்று இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டுவித்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, அடுத்த நாள் திரும்பவும் நிரப்பி, அளக்கிற அடிமட்டத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாள். பின்மூலையில் வாழை நிற்கிற இடத்தில் மெள்ள மெள்ள இறங்கியது. முன்பக்கம் அலவாங்கு உடனேயே கல்லில் முட்டியது. கிழக்கு எல்லையில் ஊற்றிய தண்ணீரை அளக்கவே முடியவில்லை.

"உந்தப் பழைய குழி கடைசியா எப்ப அள்ளினது, அம்மா?"

"ஒருக்காலும் இல்லைப் பிள்ளை. நிரம்பினால்தானே."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு வேலிக்கு அங்கால் பார்த்தாள். "நிரம்பாட்டில் அது குழியில்லை அம்மா. ஓட்டை. அந்தக் கிணத்துத் தண்ணியை ஆரும் குடிக்கினமே?"

பொன்னையா அண்ணை குழிக்குள் நின்று சொன்னது, அத்தனை வருடம் கழித்து ஒரு பெட்டையின் வாயால் திரும்பி வந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

அவள் சொன்னதை உனக்கு வரிசையாக எழுதுகிறேன், கவனமாகக் கேள். முன்பக்கத் தூண் இரண்டு வருகிற இடத்தில் கல்லுக்குக் கீழே பொந்து. தட்டினால் சத்தம் வேறு. அதன் மேல் மாடிவீட்டின் பாரத்தை வைக்கக் கூடாது, வீட்டைப் பின்னால் தள்ளவேண்டும். செம்மண்ணுக்கு மேலேயே அத்திவாரத்தை நிறுத்தவும் கூடாது, மாரியில் இளகிக் கோடையில் இறுகுகிற மண், கெட்டியான கல் வரைக்கும் இறங்கவேண்டும். மலசல நீருக்கு அடியும் பக்கமும் பூசி அடைத்த தாங்கி கட்டி, தெளிந்த தண்ணீரை மட்டும் வாழை மூலையின் ஆழமான மண்ணில் பரவ விடவேண்டும். அந்த மூலை மூன்று கிணற்றுக்கும் எட்ட. தாங்கி நிரம்பும், பவுசர் வண்டி வந்து அள்ளும். அள்ளட்டும். நிரம்புகிறது என்று ஒருவரும் வெட்கப்பட வேண்டாம். பழைய குழியை இறைத்து, கழுவி, சீமெந்துக் கலவையால் அடிமுதல் தூர்க்கவேண்டும். இந்த வேலைக்கு நான் ஆள் சொல்லிவிட்டேன். உன் சம்மதத்தைக் கேட்கவில்லை.

நேற்றுக் காலை அக்காவிடம் போனேன். குசினியில் பலகையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னடி, வெள்ளணவே வந்திட்டாய்? இஞ்சினியர்ப் பெட்டை என்னவாம்? என்ரை கிணத்தையும் அளந்துகொண்டு போறாள், கொண்டுபோய் நோர்வேயிலை வைக்கப்போறாளோ?" என்று சிரித்தாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அலவாங்கு நழுவிப் போனது, பொன்னையா அண்ணை சொன்னது, நான் சொன்ன பதில், வேலியில் நின்று கத்தியது, பினைல் மணந்தது, மணக்கவில்லை என்றது. எல்லாவற்றையும்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஒரு தண்டு, இன்னொரு தண்டு. பிறகு கை நின்றது. என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப... நான் இல்லையே?"

"இல்லை அக்கா."

"கிணறு இறைக்காததாலை இல்லையே?"

"இறைச்சிருந்தாலும் வந்திருக்கும் அக்கா. திரும்பத் திரும்ப வந்திருக்கும்."

"நான் இல்லை" என்று அவள் தனக்குத்தானே சொன்னாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. இரண்டு சொல். நீங்கள் இல்லை. அதை நான் முப்பத்துமூன்று வருடத்துக்கு மேலாக வாய்க்குள் வைத்திருந்தேன். எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அவள் அடுத்த நாள் காலை வேறு மனிசியாக எழும்பியிருப்பாள். குழி வெட்டியதைவிட அதுதான் பெரிய பாவம் என்று அங்கே நின்றுதான் எனக்கு விளங்கியது.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உன்னிலை எனக்கு எவ்வளவு கோவம் எண்டு இப்ப தெரியேல்லை. வரும். அது வரேக்கை நீ இஞ்சை நிக்காதை. போ." நான் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "நில். அண்டைக்கு நீ என்ரை குசினிக்கை வந்து காதுக்கையே சொன்னனீ? வேலியிலை நிண்டு ஊர் கேக்கச் சொன்னனீ. இதையும் அப்பிடியே சொல்லு."

அதனால்தான் இந்தக் கடிதம் ஒட்டாமல் வருகிறது. உன் பிள்ளைகளும் வாசிக்கட்டும். அம்மம்மாவைப் பற்றி, அப்பம்மாவைப் பற்றி நல்லதாக நாலு கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். என் பேத்திகளுக்கு இதுவும் தெரியட்டும். வெட்கம் எனக்கு இல்லாமல் இல்லை. இந்த ஊரில் தலையை நிமிர்த்தி நடந்தவள் நான்.

அடுத்த மாதம் அத்திவாரத்துக்கு நாள் பார்த்து வருகிறாய். வந்து இறங்கியதும் நம் படலையைத் திறக்காதே. முதலில் பெரியம்மாவின் படலைக்குப் போ. உன்னோடு பாயில் கிடந்து எழும்பாமல் போனவளின் தாய் அவள். போய் அவளுக்கு முன்னால் இரு. அம்மா தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக ஒரு சொல்லும் கதைக்காதே. அவள் ஏசினால் கேட்டுக்கொண்டு இரு. அழுதால் இரு. பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. எல்லாம் ஓய்ந்த பிறகு படத்தை அவள் முன்னால் விரித்து, அந்த வளவில் நீ வீடு கட்டலாமா என்று அவளிடம் கேள். கட்டு என்றால், எந்த இடத்தில் என்று அவளே காட்டட்டும். வேண்டாம் என்றால், தம்பி, கட்டாதே.

உன் அம்மா